பரிசோதகர் போட்ட கால் அங்குலத் துளை

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல நினைத்து வந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட நண்பர்களே, பழைய பித்தளையைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி கறுத்துப்போன சங்கத்து உறுப்பினர்களே, அந்தக் கறையையும் அந்த வாசனையையும் வீட்டுக்குள் பொறுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தினரே, முதல் வரிசையில் வழக்கம்போல இடது கோடி நாற்காலியைப் பிடித்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவருடைய மகளே, மருமகனே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் பல் டாக்டர். உங்களில் பாதிப் பேரின் வாய்க்குள் நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் பயந்துகொண்டு வராமல் இருக்கிறீர்கள். இந்தச் சங்கத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செயலாளர். நம்மை விட்டுப் பிரிந்திருக்கும் பெரியவருக்குச் சங்கத்துக்குள் இருந்த ஒரே எதிரி யார் என்று கேட்டால், அதுவும் நான்தான். எதிரிக்கு இரங்கல் கூட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது அவருடைய படத்தை அல்ல. கதவுக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கிறதே சிவப்புத் தீயணைப்பான், அதைத்தான் பார்த்தேன். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா? கழுத்தில் தொங்கும் அட்டையில் தேதி தாண்டிவிட்டதா? முன்னால் யாராவது நாற்காலியை அடுக்கிவைத்திருக்கிறார்களா? மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம்தான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். படத்தை முதலில் பார்த்திருந்தால் அவர் மன்னித்திருப்பாரா? நிச்சயமாக மாட்டார்! கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சிவப்பைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர்.

எல்லோரும் அவரைப் பரிசோதகர் என்றே அழைத்தோம். அது பட்டமல்ல, அவர் செய்த வேலை. கட்டடம் கட்டடமாகப் போய்த் தீயணைப்பான்களைச் சோதித்து, தேவைப்பட்டால் மருந்து நிரப்பி, அட்டையில் கையெழுத்துப் போடுகிற வேலை. முப்பத்தைந்து ஆண்டுகள் அதைச் செய்தார். அவரோடு வேலை பார்த்தவர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். ஜவுளிக்கடைக் கதை உங்களுக்குத் தெரியும். உறவினர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஜவுளிக்கடையில் தீயணைப்பானுக்கு முன்னால் துணிப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.  நம்மவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஓடி வந்தார்.

"என்னங்க, கையெழுத்துப் போடாம உட்கார்ந்துட்டீங்க?"

"தீப்பிடிச்சா இந்தப் பெட்டியெல்லாம் எவ்வளவு நேரத்துல நகர்த்துவீங்கன்னு பார்க்கலாம்னு இருக்கேன். நான் ரெடி. நீங்க ஆரம்பிங்க."

பதினெட்டு நிமிடம் ஆனதாம். அட்டையில் தேதிக்குப் பக்கத்தில் "18 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த முறை போனபோது அந்தச் சுவரில் ஒரு பெட்டியும் இல்லை. முதலாளி அந்த அட்டையை மட்டும் மாற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். மாற்ற மறுத்துவிட்டார்.

இப்போது நம் சங்கத்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வந்திருக்கும் சிலருக்கு, இத்தனை பேர் ஏன் பித்தளைக்குப் பைத்தியமாக அலைகிறோம் என்பது புரியாமல் இருக்கலாம். எங்கள் வீடுகளிலும் பலருக்குப் புரிந்ததில்லை. சிவப்புத் தீயணைப்பான்கள் வருவதற்கு முன்னால் பித்தளையிலும் செம்பிலும் செய்தவை இருந்தன. சில உருளை வடிவம், சில கூம்பு வடிவம். உள்ளே சமையல் சோடா கலந்த தண்ணீர். மேலே ஒரு கூண்டுக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அமிலம். தீப்பிடித்தால் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அமிலம் சோடாத் தண்ணீரில் கொட்டி, நுரைத்து, வாயு கிளம்பி, அந்த அழுத்தத்தில் தண்ணீர் மூக்கு வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அவ்வளவுதான் சூத்திரம். ஒரு காலத்தில் திரையரங்கு, பள்ளிக்கூடம், ரயில் நிலையம் என்று எல்லா இடத்திலும் தொங்கிக்கொண்டிருந்தன. புதியவை வந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அங்கிருந்து அவற்றை மீட்டுக்கொண்டு வந்து, ஒடுக்கெடுத்து, பற்றவைத்து, மெருகேற்றி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்க வைப்பதுதான் எங்கள் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தில் முற்றியவர் பரிசோதகர். அவருடைய கை வேலையை என்ன சொல்வேன்! மின்சாரச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "சக்கரம் பித்தளையைத் தின்னுடுங்க. ஏற்கெனவே மெலிஞ்சு கிடக்கு" என்பார். துணிதான், கைதான், பொறுமைதான். உள்பக்கம் மர உருண்டை ஒன்றைக் கம்பியில் கோத்து விட்டு ஒடுக்கெடுப்பார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்வார். பாய் தைக்கிற ஊசி அளவுக்கு நீளமான ஊசி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், மாட்டியிருக்கும் உருளையின் மூக்கில் அந்த ஊசியை விட்டு, காய்ந்த மெருகுப் பசையைத் துருவித் துருவி எடுப்பார். "தையல்காரர் வந்துட்டார்" என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரித்துக்கொண்டே துருவிக்கொண்டிருப்பார். ஏன் அந்த ஊசி? ஏன் எந்த உருளையைப் பார்த்தாலும் முதலில் மூக்கு? கேட்டோமா? ஒருவரும் கேட்கவில்லை.

ஒருமுறை வெளியூரிலிருந்து பெரிய உருளை ஒன்றோடு பேருந்தில் வந்தார். மடியில் வைத்துக்கொள்ள முடியாமல் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டார். நடத்துநர் விடவில்லை. "அதுக்கும் டிக்கெட் எடுங்க பெரியவரே." எடுத்தார். அதோடு விட்டாரா? அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் உருளையை நகர்த்தி உட்காரப் போனபோது, "மன்னிச்சுக்குங்க, அவர் டிக்கெட் எடுத்திருக்கார்" என்றாராம். இதை அவர் சொல்லிக் கேட்டதில்லை. அவர் மனைவி, நம் அண்ணிதான், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன்.

இவ்வளவு பெரிய கைகாரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எட்டு மாதம், பத்து மாதம் உட்கார்ந்து ஓர் உருளையைச் சீராக்குவார். எல்லா வேலையும் முடிந்து அது கண்ணைப் பறிக்கும்போது, அதைக் கவிழ்த்து வைத்து, அடியில் கால் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுவிடுவார். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. இனி எந்தக் காலத்திலும் யாரும் அதை நிரப்ப முடியாது. அவர் கையை விட்டுப் போன ஒவ்வோர் உருளையிலும் அந்தத் துளை இருக்கும். சங்கத்தில் வேறு யாருக்கும் அந்த வழக்கம் கிடையாது. சேகரிப்பவர்களுக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? நூறு வருஷத்துப் பொருளில் ஒரு துளை! பொருள் முழுதாக இருக்க வேண்டும் என்பதுதானே எங்கள் வேதம்?

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால், நம் ஆண்டுக் கூட்டத்தில், அவர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சங்கத்து உறுப்பினர்கள் சீராக்கும் எல்லா உருளைகளிலும் துளை போட வேண்டும் என்பது தீர்மானம். நான் கொதித்துப் போனேன். என்னிடம் ஒரு கூம்பு இருக்கிறது. பலர் பார்த்திருக்கிறீர்கள். கண்ணாடிக் குப்பி, அதன் ஈய மூடி, எப்படி நிரப்புவது என்று பொறித்த செய்முறைத் தகடு, எல்லாமே அதனோடு பிறந்தவை. அதில் துளையா? நான் எழுந்து பேசினேன். "பெற்ற பிள்ளையின் முதுகில் யாராவது ஆணி அடிப்பார்களா?" என்று கேட்டேன். பலத்த கைதட்டல். பல்லில் துளை போட்டுப் பிழைக்கிறவன், பித்தளையில் துளை போடாதே என்று பேசியது எனக்குக்கூட அன்று உறைக்கவில்லை.

"காரணம் சொல்லுங்க" என்று அவரைக் கேட்டேன். "போடணும் போடணும்னு சொன்னா போதுமா? காரணம் வேணாமா?"

அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே அண்ணி உட்கார்ந்திருந்தார், அன்றும் கோடி நாற்காலிதான். அண்ணி மடியில் இருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசுங்க" என்றார் பரிசோதகர். "நம்ப முடியாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்து முப்பத்தொரு கை. ஆதரித்து ஒரு கை. அந்த ஒரு கையை அவர் உடனே இறக்கவில்லை. நான் எண்ணி முடித்து, எழுதி முடித்து, "இறக்கலாம்" என்று சொல்லும்வரை தூக்கியபடியே நின்றார். அன்று மாலை தேநீர் நேரத்தில் அவருக்கு "ஓட்டைக்காரர்" என்று பெயர் வைத்தவன் நான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு வாரம் கழித்துச் சந்தா அனுப்பியபோது, கடிதத்தின் கீழே "இப்படிக்கு, ஓட்டைக்காரன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். கோபப்பட்டாரா? சங்கத்தை விட்டுப் போனாரா? ஒரு கூட்டம்கூடத் தவறாமல் வந்தார். தன் வேலையில் துளை போடுவதையும் நிறுத்தவில்லை. என் மருத்துவமனைக்கும் வந்தார். ஒருமுறை கடைவாய்ப் பல்லைத் துளைத்து அடைத்துவிட்டேன். வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பல்லு பொழைக்கணும்னா ஓட்டை போட்டே ஆகணும்னு நீங்க சொன்னீங்க. நான் காரணம் கேட்கலை, பார்த்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் கூம்பு முழுதாகவே இருந்தது.

மூன்று வாரங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தன் பட்டறை அறையில், மெருகுத் துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எழுபத்தாறு வயது. வலி இல்லை, படுக்கை இல்லை. மடித்து வைத்த துணி மடிப்புக் கலையாமல் மேசை மேல் இருந்தது என்று மகள் சொன்னார். அவருடைய ஒழுங்குக்கு அதுதான் பொருத்தம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். வேறு எப்படித் தேற்றிக்கொள்வது?

பத்து நாள் கழித்து, சேகரிப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துத் தரும்படி மகள் கேட்டுக்கொண்டதால் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அறுபத்து நான்கு உருளைகள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் துளை. அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். நண்பர்களே, என் வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே வெட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"ஏன் அண்ணி, ஓட்டை போடாதது ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்காரா?"

 அண்ணி பரணைக் காட்டினார். மருமகன் ஏறி, பழைய போர்வையில் சுற்றிய மூட்டை ஒன்றை இறக்கி வைத்தார்.

"இது ஒண்ணுதான்" என்றார் அண்ணி. "பிரிச்சுப் பாருங்க."

பிரித்தேன். அது அவருடைய முதல் உருளை. அதைப் பற்றி நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்ததை வாங்கி வந்து, பதினொரு மாதம் உழைத்துச் சீராக்கியது. "அது இப்ப இல்லீங்க" என்பார். யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நினைத்தோம். இல்லை, வீட்டிலேயே இருந்திருக்கிறது. மேல்பாதியில் அவருடைய கை வேலை இன்னமும் ஜொலிக்கிறது. கீழ்ப்பாதி கிழிந்து விரிந்திருக்கிறது. அடிப்பாகம் அடியோடு காணோம். நான் டாக்டர், எத்தனையோ பார்த்தவன். கையில் பிடித்திருக்க முடியாமல் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணி சொன்னதை உங்களுக்குச் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடு சொல்கிறேன். நேற்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். "சொல்லுங்க, ஆனா அழுது சொல்லாதீங்க" என்பது மட்டும்தான் நிபந்தனை.

கல்யாணமான புதிதில் அண்ணி ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பரிசோதகர் தன் முதல் உருளையைச் சீராக்கி முடித்ததும் அதை மனைவியின் ஆய்வகத்துக்குப் பரிசாகக் கொடுத்தார். கதவுக்குப் பக்கத்தில் அழகுக்கு மாட்டிவைக்கத்தான். அப்போது அவருக்குத் துளை போடும் வழக்கமெல்லாம் கிடையாது. நம் எல்லோரையும் போல, பொருள் முழுதாக இருக்க வேண்டும் என்று நினைத்தவர்தான் அவரும். கண்ணாடிக் குப்பிகூட அந்தக் காலத்தது, தேடிப் பிடித்துப் பொருத்தியிருந்தார். செய்முறைத் தகட்டில் அழிந்துபோயிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, கறுப்பு மை நிரப்பி, தூரத்திலிருந்தே படிக்கும்படி செய்திருந்தார். அந்தத் தகட்டைத்தான் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

அண்ணி யார்? ஆய்வகத்தில் குடுவை ஒன்று காலியாக இருந்தாலும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறவர். விடுமுறை நாள். மாணவர்கள் இல்லை. கதவருகே தீயணைப்பான் ஒன்று காலியாகத் தொங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. சோடா அலமாரியில் இருந்தது. அமிலமும் இருந்தது. செய்முறையோ தகட்டிலேயே இருந்தது!

"போட்டிருந்த மாதிரியே செஞ்சேன்" என்றார் அண்ணி. "ஒரு அளவு தப்பலை. தண்ணிக் கோடு வரைக்கும் தண்ணி. சோடாவைக் கலக்கினேன். குப்பியை நிரப்பிக் கூண்டுல வச்சு மூடினேன். மாட்டறதுக்குத் தூக்கினப்ப கொஞ்சம் சாஞ்சுடுச்சு. அவ்வளவுதான்."

அமிலம் சிந்திவிட்டது. வாயு கிளம்பிவிட்டது. தண்ணீர் மூக்கு வழியாகப் பீய்ச்சியிருந்தால் அண்ணிக்குச் சேலை நனைந்திருக்கும், அத்தோடு போயிருக்கும். ஆனால் மூக்கில் மெருகுப் பசை காய்ந்து அடைத்திருந்தது. பதினொரு மாதம் பாசத்தோடு தேய்த்தாரே, அந்தப் பசை! வெளியே போக வழியில்லாத வாயு, பழைய இணைப்பைப் பிளந்துகொண்டு போனது. உருளை கூரையில் போய் இடித்தது.

"பெரிய சத்தம்" என்றார் அண்ணி. "என் இடது காது கடைசியா கேட்ட சத்தம் அதுதான்."

நண்பர்களே, இருபத்து நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். அண்ணிக்கு ஒரு பக்கம் காது மந்தம் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எங்கே போனாலும் எல்லாரும் தன் வலப்பக்கம் இருக்கும்படி கோடியில்தான் உட்காருவார் என்பதும் தெரியும். ஏன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? வயதானால் வருவதுதானே என்று இருந்துவிட்டோம். அவருக்கு அது வந்தபோது வயது இருபத்தேழு.

"அன்னிக்குக் கூட்டத்துல இதைச் சொல்லியிருந்தா அத்தனை கையும் அவர் பக்கம் வந்திருக்குமே அண்ணி! ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார். "சொன்னா என்ன பேசுவீங்க? அவர் மூக்கைச் சுத்தம் பண்ணலைன்னு ஒருத்தர் சொல்வீங்க. படிச்சவ இப்படிப் பண்ணலாமான்னு இன்னொருத்தர் சொல்வீங்க. ரெண்டு பேரும் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சோம். யார் மேலயும் குத்தம் வேணாம், இனிமே ஓட்டை மட்டும் போட்டுடுங்கன்னு சொன்னேன். போட்டுட்டே இருந்தார். நான்தான் பிடிச்சுப்பேன்."

ஆம், துளை போடும்போது உருளை உருளாமல் பிடித்துக்கொள்வது அண்ணியின் வேலையாம். ஒவ்வோர் உருளைக்கும் அவர்தான் பிடித்திருக்கிறார். அன்றைய கூட்டத்தில் முப்பத்தொரு பேர் எதிர்த்துக் கை தூக்கியபோது, ஒரு சொல் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பார். அந்தச் சொல் அவருடையது அல்ல, மனைவியுடையது. அதனால் சொல்லாமல் தோற்றார். பத்தொன்பது ஆண்டுகள் "ஓட்டைக்காரர்" என்று கூப்பிட்டபோதெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு நான் எதிரியா? அந்தத் தகுதிகூட எனக்கு இருந்ததா?

நான் கிளம்பும்போது அண்ணி மேசை இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கால் அங்குல டிரில் பிட். புத்தம் புதியது, ஒருமுறைகூடப் பயன்படுத்தாதது. தாள் பழுத்துப் போயிருந்தது. மேலே பென்சிலில் அவருடைய கையெழுத்து: "பல் டாக்டர் வரும்போது." அதற்கடியில் தேதி. அந்த ஆண்டுக் கூட்டம் நடந்ததற்கு மறுநாள்.

பத்தொன்பது ஆண்டுகள், துளை போட நான் வருவேன் என்று நம்பியிருக்கிறார். அந்த வீட்டுக்கு நான் போகாத மாதமில்லை. ஒருநாளும் அதை எடுத்துக் காட்டியதில்லை.

இன்று காலை போனேன். என் கூம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பட்டறை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாகப் பல்லைத் துளைக்கிற கை இது. தினமும் பத்துப் பேருடைய நரம்புக்குப் பக்கத்தில் போய்விட்டு வருகிற கை. நடுங்கியது.

"ஊர்ல எல்லார் வாயிலயும் ஓட்டை போடறீங்க. இதுக்குப் போய் நடுங்கறீங்களே!" என்றார் அண்ணி. "மெதுவா அழுத்துங்க. நான் பிடிச்சிருக்கேன்."

போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதோ, இந்தத் தாளில் இருப்பது அதிலிருந்து சுருண்டு வந்த பித்தளைச் சுருள். அவருடைய படத்துக்கு முன்னால் நீங்கள் எல்லோரும் பூ வைத்தீர்கள். நான் வைக்கவில்லை என்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். இதை வைப்பதற்காகத்தான் காத்திருந்தேன்.

அண்ணா, கொஞ்சம் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, நான் அழாமல்தான் சொன்னேன். இப்போது வருவது கணக்கில் சேராது.

நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடத்துவது மரபல்ல. தலைவர் அனுமதிக்க வேண்டும். தலையாட்டிவிட்டார், நன்றி. அன்று இருந்த முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் வீடுகளிலும், நீங்கள் பரிசாகக் கொடுத்த பள்ளிகளிலும், கடைகளிலும், துளை போடாத உருளைகள் எத்தனை தொங்குகின்றன? அவற்றின் செய்முறைத் தகடுகளை எவ்வளவு அழகாகப் படிக்கும்படி வைத்திருக்கிறோம்? அதைப் படித்துவிட்டு, ஒழுங்காக வேலை செய்கிற ஒருவர், ஒரு விடுமுறை நாளில், சோடாவைத் தேடிப் போனால்? அந்தத் தீர்மானத்தை, பரிசோதகர் எழுதிய அதே வார்த்தைகளில், ஓர் எழுத்தும் மாற்றாமல், மறுபடியும் முன்மொழிகிறேன்.

ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.

நன்றி. பின்வரிசையில் அரைக் கை தூக்கியிருக்கும் நண்பரே, வெட்கப்படாதீர்கள். இன்று காலை என் கையும் அப்படித்தான் இருந்தது. ஆ, முழுதாகத் தூக்கிவிட்டீர்கள்.

எதிர்ப்பவர்கள்?

ஒருவரும் இல்லை. தலைவர் அவர்களே, தீர்மானம் நிறைவேறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டாம், பரிசோதகர் என்று எழுதுங்கள்.

பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் நாம் கொடுத்த உருளைகளை நானே கட்டடம் கட்டடமாகப் போய்த் தேடிப் பிடிப்பேன். போகிற இடத்தில் சிவப்பின் முள்ளையும் பார்த்துவிட்டு வருவேன். பெட்டி அடுக்கியிருந்தால் நாற்காலி போட்டு உட்காருவேன். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு. உங்கள் வீட்டில் இருப்பவற்றை நீங்களே எடுத்து வாருங்கள். நாளை காலை பத்து மணிக்கு, பரிசோதகர் வீட்டுப் பட்டறையில். டிரில் நான் கொண்டு வருகிறேன், பிட் அவர் வாங்கி வைத்தது. அண்ணியிடம் பேச வேண்டியவர்கள் அவருக்கு வலப்பக்கமாக வந்து நில்லுங்கள்.

கை நடுங்குமோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அண்ணி பிடித்துக்கொள்வார்.